காது ரிப்பேர்

மருந்துக் கடைக்காரருக்குக் காது மந்தமாக இருந்தால் அவர் பாடு பரவாயில்லை. வாடிக்கைக்காரர் பாடுதான் திண்டாட்டம். ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தென்மேற்கே காம்டன் என்ற ஊரில் அப்படி ஒரு கடை இருந்தது. ரகசியமாகக் கேட்க வேண்டிய சாமான்கள் சில மருந்துக் கடையில் உண்டு அல்லவா? முதலாளியோ உரக்கச் சொல்லும்படி கேட்பார். சொன்னால் கடை முழுக்கக் கேட்கும். இந்தச் சங்கடத்தையெல்லாம் அவருடைய பையன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். பெரியவனானதும் என்ன செய்யப் போகிறாய் என்று ஆசிரியை கேட்டபோது, காது ரிப்பேர் செய்யப் போகிறேன் என்றானாம். அப்போது வயசு ஐந்து. அவன்தான் பின்னாளில் டாக்டர் கிரேம் கிளார்க்.

செவிடு என்றால் நமக்கு ஹாஸ்யம். குருடரைக் கண்டால் இரங்குகிற மனசு செவிடரைக் கண்டால் சிரிக்கிறது. நாடகத்தில் செவிட்டு மாமனார் ஒருவர் வந்துவிட்டால் போதும், கொட்டகை குலுங்கும். என் பெரியப்பா கடைசிப் பன்னிரண்டு வருஷம் காது கேட்காமல் இருந்தார். கூடத்தில் நாலு பேர் சிரித்தால், "என்னடா, என்ன சொல்றான்?" என்பார். "ஒண்ணுமில்லே பெரியப்பா" என்று பதில் வரும். உதட்டைப் பார்த்து அவர் முதலில் படித்துக்கொண்ட வார்த்தை அந்த 'ஒண்ணுமில்லே'தான். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைப்பார்.

உட்செவியில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுற்றிய குழல் ஒன்று இருக்கிறது. காக்ளியா என்று பெயர், பட்டாணி அளவுதான். அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள். வாசலருகே இருப்பவை கீச்சுக் குரலுக்கு; உள்ளே போகப் போகக் கட்டைக் குரலுக்கு. இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆனால் பின்னாலிருக்கும் நரம்பு பெரும்பாலும் உயிரோடு, சேதி வராத தந்தியாபீஸ் போலக் காத்துக் கிடக்கிறது. அதை மின்சாரத்தால் நேரே தட்டினால் என்ன? 1957-ல் பாரிஸில் இருவர் தட்டிப் பார்த்தார்கள். 1961-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹவுஸ் என்ற வைத்தியர் செய்தார். ஓசை கேட்டது, பேச்சு விளங்கவில்லை.

ஒரு கம்பி போதாது, சுருளின் இடத்துக்கு ஒன்றாகப் பல வேண்டும் என்றார் கிளார்க். பதினைந்தாயிரம் அணுக்களின் வேலையைப் பத்துக் கம்பிகளா செய்யும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். கோமாளி என்ற பட்டமும் கிடைத்தது. 1970-ல் மெல்போர்ன் சர்வகலாசாலையில் பேராசிரியரானவர், ஆராய்ச்சிக்குப் பணமில்லாமல் தெருமுனையில் நின்று உண்டியல் குலுக்கினார். நம் ஊரில் கட்சித் தொண்டர்தான் அதைச் செய்வார்.

இன்னொரு சிக்கல். கம்பிக் கட்டைச் சுருளுக்குள் செலுத்துவது எப்படி? விறைப்பாக இருந்தால் சுவரைக் கிழிக்கும்; இளசாக இருந்தால் பாதியில் மடங்கும். 1977-ல் மின்னமுரா கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனவர், கையில் அகப்பட்ட சுருள் சிப்பிக்குள் புல்லைச் செலுத்திப் பார்த்தார். நுனி துவண்டு, அடி விறைத்திருந்த புல் சுருண்டு சுருண்டு உள்ளே போயிற்று. கம்பிக் கட்டையும் அப்படியே செய்யச் சொன்னார்.

1978 ஆகஸ்ட் 1-ம் தேதி, கார் விபத்தில் காதிழந்த ராட் சாண்டர்ஸுக்குக் கருவியைப் பொருத்தினார்கள். பின்னர் ஒரு நாள் கருவியின் வழியாகத் தேசிய கீதத்தை அனுப்பியபோது மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். அது தாளம். பேச்சு விளங்குமா என்பதல்லவா கேள்வி? வாயைப் பார்க்க விடாமல், முன்கூட்டிச் சொல்லாமல் வார்த்தைகளைப் படித்தார்கள். சிலவற்றைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதாராம்.

ஆபரேஷன் முடிந்த கையோடு பழைய குரல்கள் திரும்பிவிடுவதில்லை. யந்திரம் பேசுவது போலவும் வாத்து கத்துவது போலவும் இருக்கிறது என்கிறார்கள் பலர். மூளை பழக மாதக்கணக்காகும். எதிரே ஆசிரியை ஒருத்தி வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் மறுபடியும். இந்தப் பாகம் பத்திரிகையில் அதிகம் வருவதில்லை. படம் எடுக்க ஏதுமில்லை.

சைகை மொழியிலேயே வளர்ந்த செவிடர் பலர், எங்களிடம் ரிப்பேர் பண்ண என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு, கூட்டாளிகள் உண்டு. நடு வயசில் காது போனவருக்கு அந்தப் பாஷை தெரியாது. அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.