காட்டலும் காணலும்

கண்ணுக்கு ஒளி உண்டு. ஆயினும் அது தானே ஒரு பொருளைக் காணமாட்டாது. உயிர் அதற்குப் பொருளைக் காட்டுதலோடு நில்லாது, உடன் நின்று தானும் காணும். இறைவன் உயிர்க்குச் செய்யும் உதவியும் இத்தன்மைத்தே என்பது சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரத்தின் கருத்து. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இவ்விரண்டையும் மடத்துக் கல்லூரியில் யான் பாடங் கேட்டேன். முப்பதாண்டு மாணாக்கர்க்குப் பாடமுஞ் சொன்னேன். அதன் பொருள் விளங்கியதோ அண்மையில், என் இல்லத்திலேதான்.

நங்கநல்லூரில் வாழும் யாங்கள் தருமலிங்கேசுவரர் கோயிலை நாடோறும் வழிபடுவோம். மூன்றாண்டுகட்கு முன் ஒருநாள், தனியே சென்ற என் மனைவியார் மீளும் வழியறியாது தெருமுனையில் நின்றுவிட்டார். குழம்பில் உப்பை இருமுறை இடுவார். இளமைதொட்டு ஓதிய பதிகம் பாதியில் நின்றுவிடும். ஒரு மருத்துவமனையில் மூளையைப் படமெடுத்து, சில வினாக்களும் வினவி, "இஃது அல்சைமர் என்னும் மறதிநோய், முற்றும் தீர்க்கும் மருந்தில்லை, ஆறு திங்கள் கழித்து வருக" என்றனர். நோயின் பெயர் எழுதிய தாளுடன் மீண்டோம். மறுநாட் காலை யாது செய்வதென்பது அத்தாளில் இல்லை.

அந்த ஆறு திங்களிலும் யான் செய்த பிழை பெரிது. மாலைதோறும் அவர், "எங்கள் வீட்டிற்குப் போகவேண்டும், அம்மா காத்திருப்பார்" எனப் புறப்படுவார். "இதுவே வீடு, உன் தாயார் இறந்து இருபதாண்டாயிற்று" என யான் வாதிடுவேன். தருக்கம் பயின்ற நாவன்றோ! ஒவ்வொரு மாலையும் தாயின் இறப்பைப் புதிதாய்க் கேட்டு அவர் அழுதார். ஒருநாள் கதவைத் தாழிட்டு அதட்டினேன். என்னை அயலானெனக் கருதி அஞ்சி ஒடுங்கினார்.

பின்னர், இந்நோயாளரைப் பேணிப் பழகிய செவிலி ஒருவர் உறவினர் வாயிலாக வந்தார். "ஐயா, வாதிடாதீர்கள், 'போகலாம், வா' என்று சொல்லி உடன் நடந்து தெருவைச் சுற்றி வாருங்கள், அவர் தாயாரைப் பற்றிக் கேளுங்கள்" என்றார். அன்று மாலை அவ்வாறே நடந்தோம். கோயில் வாயிலைக் கண்டதும் கைகுவித்தார். தாயார் சுட்ட பணியாரத்தைப் பற்றி உரைத்தார். எம் வீட்டை அடைந்ததும், "வந்துவிட்டோம்" என்று தாமே உட்புகுந்தார். இச்சிறு சொல்லை முதல் நாளே எமக்குக் கூறுவார் இலராயினர்.

இஃது எம் இல்லத்தளவில் நிற்பதன்று. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 88 இலட்சம் பேர்க்கு மறதிநோய் உண்டென மதிப்பிட்டது. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நிகழ்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், உள்ளூரினரையே பயிற்றி இல்லங்கட்கு அனுப்பினர். பேணுவோர் மனத்துயர் குறைந்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வாயிலுக்கே கொணர்ந்தது. எம்மூர்க்கு அணித்தாகிய கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. வழிகள் உள, அவற்றை இணைப்பதே வேண்டுவது. நோயின் பெயரைச் சொல்லும் அன்றே, துணைவருவார் ஒருவர் பெயரும் அவர் இல்லத்திற்கு வரும் நாளும் எழுதித் தருதல் வேண்டும்.

நோயை அறிவித்தல் காட்டும் உதவி. உடன் நிற்றல் காணும் உதவி. பின்னதின்றி முன்னது பயன் நிரம்பாது. அன்பர்காள், நும் தெருவில் இந்நோயுற்றார் இல்லம் இருப்பின், ஒரு மாலையேனும் அவரோடு உடன் நடமின். பேணுவார் அப்பொழுது சிறிது இளைப்பாறுவர். அதுவும் சிவத்தொண்டே.