நடுவர் இல்லாத கடற்கரை

சென்னைக்குப் போகும் நம்மவர்களுக்குத் தியாகராய நகரில் சேலை, மெரினாவில் சுண்டல் என்று ஒரு வழக்கமான பட்டியல் உண்டு. அடுத்த முறை ஒரு காலைப் பொழுதை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு ஒதுக்குங்கள்.

தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம். இடையில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930ல், நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமிக்காக எழுப்பியது.

வெயில் ஏறுமுன் இந்த மணலில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுகிறார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், ஆணும் பெண்ணும் கலந்து. தட்டு 175 கிராம். அதைப் பிடித்தவர் ஓடக்கூடாது. அடுத்தவருக்கு வீச வேண்டும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் சக வீரர் பிடித்தால் ஒரு புள்ளி. 1968ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது. உலகப் போட்டிகளில்கூட தவற்றை விளையாட்டாளர்களே சொல்லி, விளையாட்டாளர்களே தீர்க்கிறார்கள்.

சென்னை அணிகளில் கணினி நிறுவன ஊழியர்களும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவதுண்டு. நான் பார்த்த ஆட்டத்திலும் அப்படித்தான். தட்டைப் பிடிக்க ஓர் ஒல்லிப் பையன் எம்பினான். எதிரணியின் உயரமான இளைஞரும் எம்பித் தட்டிவிட்டார். தோள் இடித்ததில் பையன் மணலில் விழுந்தான். “ஃபவுல்” என்றான்.

“டிஸ்க்கைப் பார்த்துத்தானே வந்தேன்” என்றார் அவர்.

விதிப்படி அது சாக்காகாது. தட்டுக்காகப் போனாலும் இடித்தால் தவறு தவறுதான். அதே சமயம், இருவர் ஒரே இடத்தை நோக்கி வரும்போது ஆட்டத்தையோ பாதுகாப்பையோ பாதிக்காமல் லேசாக உரசினால், அது தவறல்ல. நடந்தது இதில் எது? இளைஞர் ஆங்கிலத்தில் விதிகளை மளமளவென்று அடுக்கினார். பையன் வாயடைத்து நின்றான்.

அப்போது இளைஞரின் அணியிலிருந்தே ஒரு பெண் குறுக்கிட்டார். “தமிழ்ல சொல்லுங்க. அவனும் பேசட்டும்.”

“நான் நேரா மேல எம்பினேன்ணா. நீங்க பக்கத்துலேருந்து வந்தீங்க” என்றான் பையன். மணலில் தடம் கலைந்திருந்தது, சாட்சிக்கு உதவவில்லை. இளைஞர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. விதிப்படி தட்டு எறிந்தவரிடமே திரும்பியது. யாருக்கும் லாபமில்லை, யாரும் பொய்யருமில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

வானொலியில் வேலை செய்யும் எனக்கு, வேகமாகப் பேசுபவர் பக்கம் நியாயம் சாய்வது பழகிய காட்சி. “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்கிறோம். நடுவர் இல்லாத ஆட்டத்தில் இதுதான் பெரிய ஆபத்து. அதனால்தானோ என்னவோ, எதிரணியினர் பேச நியாயமான வாய்ப்புத் தரவேண்டும் என்பதையும் விதியாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் தோளில் கைபோட்டு வட்டமாக நின்றார்கள். பிறகு, எதிரணியின் பண்புக்கு மதிப்பெண். விதி அறிவு, தவறும் உடல் மோதலும், நியாய மனம், மனப்பான்மையும் கட்டுப்பாடும், பேச்சுத்தொடர்பு என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றாலே நல்ல ஆட்டம்.

பையனின் அணி தோற்றிருந்தது. “தோத்துட்டோம்னு கம்மியாப் போடாதீங்க” என்றார் ஒருவர். “ஜாலியாப் பழகினாங்கன்னு அதிகமாவும் வேணாம்” என்றார் இன்னொருவர். மோதலுக்கு 1 போட்டார்கள். பேச்சுத்தொடர்புக்கு 3. “அந்த அக்கா பேசவிட்டாங்கல்ல” என்றான் பையன்.

சிங்கப்பூரிலும் பள்ளி, பல்கலைக்கழகத் திடல்களில் இதை ஆடுகிறார்கள். இங்கே எல்லாரும் ஆங்கிலத்திலேயே வாதாடுவதால் அந்தப் பையனின் சிக்கல் கண்ணில் படாது. ஆனால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை எல்லா அணியிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்காக எதிரணியிலிருந்து ஒருவர் பேசுகிறாரா என்று பாருங்கள்.

பெசன்ட் நகருக்குப் போவதானால், சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்துக்குப் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்காருங்கள். யாராவது “ஃபவுல்” என்று கத்தினால், கொஞ்சம் அருகில் போய்க் கேளுங்கள்.