மூன்றும் நான்கும்

மேல்மலையனூரில் அத்தாவின் பழைய அம்பாஸிடருக்கு ஹெட் கேஸ்கெட்டை வீட்டிலேயே நாம் மாற்றினோம். விடிந்தால் அம்மாவைத் திண்டிவனத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அமாவாசைக் கூட்டப் பேருந்தில் அவர்களால் நிற்க இயலாது.

எஞ்சினோ குலுங்கிற்று, வெடித்தது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒன்றையோ இரண்டையோ எடுத்தால் நின்றே போயிற்று. மூன்றையோ நான்கையோ எடுத்தால் மாற்றமே இல்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள்! இடையே கேஸ்கெட் விட்டிருக்குமோ? ஹெட்டைத் திறந்தால், இறுக்கிய கேஸ்கெட் மறுபடி உதவாது. வேறொன்றும் கைவசம் இல்லை. ஆயினும் ஸ்பானரை எடுத்துவிட்டோம்.

“வயரைப் பார்த்தாயா?” என்றார்கள் அத்தா.

தீப்பொறி வரிசை 1-3-4-2. நாமோ மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிச் செருகியிருந்தோம். சரிசெய்ததும் சீராக ஓடிற்று. எண்ணெய்க் கோலிலும் பால் நிறம் இல்லை.

காலையில் செஞ்சியைக் கடக்கும்வரை வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.