தோள்தான் கணக்கு

லண்டனில் பழைய கோட்டு வாங்கப் போகிறவர் கடையைத் தேடுமுன் பகுதியைத் தேட வேண்டும். தானமாக வந்த பழைய உடைகளை விற்கும் அறக்கொடைக் கடைகளுக்குச் சரக்கு வருவது அக்கம்பக்கத்து வீட்டு அலமாரிகளிலிருந்துதான். செல்சி, மேரில்போன் போன்ற வசதியான பகுதிகளில் இறந்துபோனவரின் உடைகளை மனைவியோ மகளோ பைகளில் திணித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் தொடங்கிய கடை இவற்றுக்கு முன்னோடி. இன்று பிரிட்டன் முழுக்க இப்படிப்பட்ட கடைகள் 10,000-க்கும் மேல் இருக்கின்றன.

மேற்கு லண்டனில் அப்படியொரு கடையின் மேலாளர், சரக்குப் பிரிக்கும் பின்னறையில் ஒரு காலைப்பொழுது நிற்க எனக்கு இடம் கொடுத்தார். ஆண்கள் உடைக்கு அங்கே பொறுப்பு எழுபதைக் கடந்த ஒரு அம்மையார். இளவயதில் தையற்கூடத்தில் வேலை பார்த்தவர். இங்கே சம்பளம் கிடையாது.

பையைக் கவிழ்த்ததும் அவர் லேபிளைத் தேடுவதில்லை. முதலில் கோட்டை ஜன்னலுக்கு நேராக விரித்துப் பிடிக்கிறார். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்ற இடம் ஊசிமுனை அளவே இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து அக்குள்: முகர்ந்து பார்க்கிறார், லைனிங் இற்றிருக்கிறதா என்று விரலால் தடவுகிறார். பிறகுதான் முக்கியமான சோதனை. கடைசிக் காஜாவுக்குக் கீழே துணியைக் கிள்ளி, முன்துணியையும் பின்துணியையும் மெல்லப் பிரிக்கிறார். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு வழுக்கிக்கொண்டு போனால் அது குதிரைமயிர் கலந்து நெய்த கேன்வாஸ். நூலால் தைத்துப் பிடித்தது. போடுகிறவர் மார்புக்கு ஏற்பக் காலப்போக்கில் படிந்துகொள்ளும். ஒன்றும் வழுக்காமல் விறைப்பாக இருந்தால் பசை வைத்துச் சூட்டில் அழுத்தியது. பசைக் கோட்டு பலமுறை சலவைக்குப் போய்வந்தால் நெஞ்சுப் பக்கம் குமிழ் கிளம்பும். அதைச் சரிசெய்து தர எந்தத் தையற்காரராலும் முடியாது.

என்னையும் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். முதலில் எல்லாக் கோட்டும் ஒன்றுபோலத்தான் பட்டது. அவர் நல்லதையும் மட்டத்தையும் மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தார். மதியத்துக்குள் விரலுக்குப் புரிந்துவிட்டது.

காஜாவைப் புரட்டிப் பார்க்கவும் கற்றுத் தந்தார். இயந்திரக் காஜா சீராக இருக்கும். கைக் காஜாவின் பின்பக்கம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதலாகவே விலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. அளவெடுத்துத் தைப்பதற்குப் பெயர்போன லண்டன் தெருவான சாவில் ரோவின் தையற்காரர்கள் தைத்த கோட்டில் வெளியே எந்தப் பெயரும் தெரியாது; உட்பையைத் திறந்தால் சிறு துணிச்சீட்டில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும் இருக்கும். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி இதற்கு நேர்மாறு, உருண்டைமேல் சிலுவை வைத்த முத்திரை பளிச்சென்று தெரியும். ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தம் வீட்டிலேயே கையால் நெய்த துணிதான் அந்தப் பெயரைத் தாங்கலாம் என்று 1993-ல் சட்டமே வந்தது. ஆனால் முத்திரை துணிக்குத்தான், தையலுக்கு அல்ல. அருமையான ட்வீடைப் பசை போட்டு ஒட்டிய கோட்டுகள் அன்று அந்த மேசையிலேயே கிடந்தன.

பங்குக்கு விற்றுத் தரும் கடைகளுக்கும் போனேன். விற்றால் உரிமையாளருக்குப் பாதி, கடைக்குப் பாதி என்கிற மாதிரி ஏற்பாடு. எல்லாம் ஏற்கெனவே பொறுக்கி எடுத்து, அதற்கேற்ற விலையும் போட்டு வைத்திருப்பதால் தேடுகிறவருக்கு அங்கே வேலை குறைவு. எனக்குப் பின்னறை மேசைதான் பிடித்திருந்தது. அங்கே விலைபோகாதது எடைக்குப் போகிறது. அப்படிப் போகும் பிரிட்டிஷ் உடைகள் கானாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகின்றன. அந்த அம்மையார் நின்று பார்த்திராவிட்டால் நல்ல கோட்டும் அந்த மூட்டைக்குள்தான் கிடக்கும். வாரம் ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் வந்து அவரிடம் இதைக் கற்றுக்கொள்கிறான் என்று கேட்டபோது மனம் நிறைந்தது.

அந்த அறக்கொடைக் கடையில் நான் வாங்கிய கருநீலக் கோட்டைத் தெற்கு லண்டனின் டூட்டிங்கில் உடை திருத்தும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரிடம் எடுத்துப் போனேன். போடச் சொல்லி, என்னைத் திருப்பி நிறுத்தி, இரண்டு தோளையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

“தோள் சரியா இருக்குது தம்பி. இது சரியில்லையெண்டா நான் திருப்பித்தான் அனுப்பியிருப்பன். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தையும் கொஞ்சம் பாக்கலாம். தோளைத் தொட்டா முழுக்கோட்டையும் பிரிக்கோணும்.”

“கை நீளமா இருக்கேண்ணா?”

கைநுனிப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். அழகுக்கு வைத்ததல்ல, வெட்டித் திறந்த உண்மையான காஜா. “இதை வெட்டித் தைச்சுப் போட்டினம். கீழால குறைக்கேலாது. மேல தோளிலை கழட்டித்தான் ஏத்தோணும்.”

லைனிங்கில் ஒரு தையலைப் பிரித்து உள்ளே பார்த்தவர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். முதுகுத் தையலின் இரு பக்கமும் தாராளமாகத் துணி மடித்து விடப்பட்டிருந்தது. “ஆள் பெருத்தா விரிக்கலாம் எண்டு விட்டிருக்கினம். இப்ப ஆரும் இப்பிடித் துணி விடாயினம்.”

கை ஏற்றக் கேட்ட கூலி, கோட்டுக்கு நான் கொடுத்ததைவிட அதிகம். வேலையைக் கணக்கிட்டால் நியாயமான கூலிதான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் வேலை குவிந்து கிடக்கிறது, முடித்துவிட்டுத்தான் தொடுவேன் என்றார். முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.