கிழட்டு நாயும் தேய்மானமும்

"குட்டியா வாங்கி வளர்க்காம, யாராவது கிழட்டு நாயைக் கூட்டிட்டு வருவாங்களா?" மணி வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள் மக்களே!

மணியை எடுத்தது சென்னை ப்ளூ கிராஸில். 1959ல் கேப்டன் சுந்தரம் ஆரம்பித்தது. பல்லைப் பார்த்த டாக்டர் பத்து வயசு இருக்கும் என்றார். காது நுனியில் சின்ன வெட்டு; கருத்தடை செய்த நாய்க்கு அதுதான் அடையாளம்.

செருப்பைக் கடிக்காது, வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. டைல்ஸ் தரையில்தான் பின்னங்கால் வழுக்குகிறது. அதனால் கோணி விரித்திருக்கிறோம். மூட்டுவலி மாத்திரை தயிர்சாதத்தில் போகிறது. செலவு என் டியூஷன் காசு.

"ரெண்டு மூணு வருஷம்தான். அப்புறம் நீதான் அழுவே" என்றார் அப்பா. பி.காம் பாஷையில் சொன்னால், தேய்மானம் எல்லாம் கழித்து, ஸ்கிராப் மதிப்பு மட்டும் மிச்சமிருக்கிற சொத்து.

அப்பா சொன்னது சரிதான், அழத்தான் போகிறேன். ஆனால் நாங்கள் கூட்டி வராவிட்டாலும் அதே ரெண்டு வருஷம்தான், கூண்டுக்குள் கழிந்திருக்கும். இப்போது முட்டிவலிக்கார அப்பாவும் மணியும் சேர்ந்துதான் தினமும் வாக்கிங். ரெண்டு பேருக்கும் அவசரமே இல்லை :-)

நாய் எடுக்கப் போனால், குட்டிகளைப் பார்த்துவிட்டு, மூலையில் சும்மா படுத்திருப்பதையும் ஒருதடவை பாருங்கள்.