மேசையில் ஓர் இடம்



இந்த வாரம் ஓர் இராவுணவைக் குறித்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதை நான் உண்டது போலந்து தேசத்தின் பழைய தலைநகரமாகிய கிராக்கோவில், தரைக்குக் கீழே இருந்த ஒரு நிலவறை உணவகத்தில். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதத்தில், இறையியல் கருத்தரங்கு ஒன்றுக்காக அந்நகரத்திற்குப் போயிருந்தேன். அன்றிரவு உண்ண மனமில்லாமலேயே அந்தப் படிகளில் இறங்கினேன். காரணம், அன்று காலையில் நான் இறங்கிச் சென்ற வேறொரு நிலவறை.

கிராக்கோவுக்கு மேற்கே, பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஆஷ்விட்ஸ் இருக்கிறது. ஏறத்தாழ பதினொரு லட்சம் மனிதர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் யூதர்கள். அந்த முகாமின் 11ஆம் எண் கட்டடத்தின் அடியில் சிறிய அறைகள் வரிசையாக உள்ளன. 1941ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லும்படி அதிகாரிகள் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரான்சிஷெக் கயோவ்னிச்செக் என்னும் போலந்துப் படைவீரர். தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் அழுதார். அப்பொழுது மாக்சிமிலியன் கோல்பே என்னும் கத்தோலிக்கக் குருவானவர் வரிசையை விட்டு முன்னே வந்து, அந்த மனிதருக்குப் பதிலாகத் தாம் போவதாகச் சொன்னார். அதிகாரி சம்மதித்தான். இரண்டு வாரங்கள் கழிந்தும் அவருடைய உயிர் பிரியாதிருந்தபடியால், ஆகஸ்ட் 14ஆம் நாள் அவருக்கு விஷ ஊசி போட்டார்கள். கயோவ்னிச்செக் உயிரோடு வீடு திரும்பினார். அவருடைய இரண்டு மகன்களும் அதற்குள் போரில் மாண்டுபோயிருந்தார்கள். ஆனாலும் மனைவியை மறுபடியும் கண்டார். தொண்ணூறு வயதைக் கடந்து, 1995ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

நான் அந்த அறையின் கம்பிக் கதவுக்கு முன் நின்றேன். அந்த முகாமில் ஒரு கைதிக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி ஏறத்தாழ 300 கிராம். அதை மாலையில் கொடுப்பார்களாம். அதிலேயே மறுநாள் காலைக்கும் கொஞ்சம் மீதி வைக்கவேண்டும். இதைக் கேட்ட பின்பு, அன்று மதியம் எங்கள் குழுவில் ஒருவராலும் சரியாக உண்ண முடியவில்லை.

மாலையில் கிராக்கோ திரும்பியபோது குளிர் எலும்பைத் தொட்டது. நடுச்சதுக்கத்தின் அருகே ஒரு பழைய கட்டடத்தின் வாசலில், உணவகம் கீழே இருப்பதாக ஒரு பலகை காட்டியது. இருபது படிகளுக்குமேல் இறங்கினேன். செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டிய வளைந்த கூரை, நீண்ட மரமேசைகள், முதுகு சாயாத பலகைகள், சுவரில் தொங்கும் பூண்டுச் சரங்கள். ஊருக்கு மேலே வீசும் காற்று அங்கே எட்டவில்லை.

அந்தச் சதுக்கம் 1257ஆம் ஆண்டில் அளந்து அமைக்கப்பட்டது. ஒரு பக்கம் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ளது. அதன் பின்வந்த நூற்றாண்டுகளில் மண்ணும் இடிபாடும் குப்பையும் படிந்து தெருவின் மட்டம் சில மீட்டர் உயர்ந்துவிட்டது. ஆகவே ஒரு காலத்தில் தெருவோடு சமமாயிருந்த அறைகளில் பல இன்று நிலவறைகளாக இருக்கின்றன. நான் இறங்கிய இடமும் முன்னொரு காலத்தில் யாரோ ஒருவருடைய முன்னறையாய் இருந்திருக்கலாம்.

மேசைகள் யாவும் நிறைந்திருந்தன. தனியாக வந்தவன் என்பதால் திரும்பிப்போக எண்ணினேன். அப்பொழுது ஒரு மேசையில் இருந்த வயதான தம்பதியர், பரிமாறும் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தங்கள் மேலங்கிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அவர்களோடு ஒரு பேத்தி இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். அன்றிரவு எங்கள் பேச்சு முழுவதும் அவள் வழியாகவே நடந்தது.

கேளாமலே முதலில் வந்தது, கனத்த ரொட்டித் துண்டுகளும், உருக்கி உறையவைத்த பன்றிக் கொழுப்பும், உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காயும். அதன் பின்பு ஜூரெக் என்னும் சூப். ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டுப் பல நாள்கள் புளிக்கவைத்து, அந்தப் புளித்த நீரில் காய்ச்சுவது அது. உள்ளே வெள்ளைத் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் கிடந்தன. பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பை அறிந்த என் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பெரியவர் முன்னால் பிகோஸ் இருந்தது. புளித்த முட்டைக்கோஸையும் பலவகை இறைச்சித் துண்டுகளையும் உலர்ந்த காளானையும் சேர்த்து வேகவைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் சூடாக்கிச் சூடாக்கி உண்பது. பழகப் பழகத்தான் அதற்கு ருசி கூடுமாம்.

இவையெல்லாம் விருந்துக்காரர் கண்டுபிடித்த உணவுகள் அல்ல. நீண்ட பனிக்காலத்தில் ஒன்றும் விளையாத நிலத்தின் மக்கள், உள்ளதைக் கெடாமல் காக்கக் கற்றுக்கொண்ட வழிகள். பெரியவர் தம் நடுவயதைப் பற்றிச் சொன்னார். 1981ஆம் ஆண்டு டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. இறைச்சிக்கு அதற்கு முன்பே பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. 1989 வரை அது நீங்கவில்லை. விடியுமுன்னே வரிசையில் நின்று கடைக்குள் போனால், அலமாரியில் வினிகர் போத்தல்கள் மட்டும் இருக்குமாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்நேரத்தில் என் கை தவறி ஒரு ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. நான் அதைக் காலால் ஓரமாகத் தள்ளப்போனேன். பெரியவர் மெதுவாகக் குனிந்து, அதை எடுத்து, உதட்டில் ஒற்றி, மேசையின் ஓரத்தில் வைத்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தரையில் விழுந்த ரொட்டியை முத்தமிடுவது அங்கே பழைய வழக்கமென்று பேத்தி சொன்னாள். காலையில் 300 கிராம் ரொட்டியைப் பற்றிக் கேட்டுக் கலங்கியவன் நான். மாலையில் ரொட்டியைக் காலால் தள்ளப்போனவனும் நானே.

பின்பு அந்த மூதாட்டி, நான் போதகர் என்பதை அறிந்து, தங்கள் கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிப் பேசினார். அதை அவர்கள் விகிலியா என்பார்கள். டிசம்பர் 24ஆம் நாள் மாலை முதல் நட்சத்திரம் தோன்றும் வரை பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். மேசை விரிப்பின் அடியில், முன்னணையின் நினைவாக, கொஞ்சம் வைக்கோல் இருக்கும். மெல்லிய அப்பத்தை ஒருவரோடொருவர் பிட்டுப் பகிர்ந்து வாழ்த்துவார்கள். இறைச்சியில்லாத பன்னிரண்டு பதார்த்தங்கள் வைப்பது வழக்கம். அந்த மேசையில் ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகமாக இருக்கும். எதிர்பாராமல் வரும் வழிப்போக்கனுக்காக வைக்கும் தட்டு அது. தம் தாயார் அதை வைக்கும்போது, போரிலிருந்து திரும்பாத தம் தகப்பனாரையும் நினைத்தே வைத்தார் என்று மூதாட்டி சொன்னார்.

“எப்பொழுதாவது யாராவது வந்ததுண்டா, அம்மா?” என்று கேட்டேன்.

பேத்தி அதைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். “இல்லை. ஆனால் யாராவது வந்தால், அவருக்கு எங்கே இடம் என்று நாங்கள் தேட வேண்டியிராது.”

பிரியமானவர்களே, இதைக் கேட்டபோது என் நினைவு ஒரு திண்ணைக்குப் போயிற்று. இதுவரை இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

நான் குருப்பட்டம் பெற்று முதன்முதலாகப் பணிசெய்த சிற்றூர்ச் சபையில் ஒரு கோவில்குட்டியார் இருந்தார். முதியவர், தனியாள். கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு மணியடித்து, விளக்கேற்றி, எல்லாரும் போனபின்பு ஆலயத்தைப் பெருக்கிப் பூட்டி, மதியம் சாவியைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே உறவினரும் சபை மூப்பர் சிலரும் பந்தியில் இருந்தார்கள். நான் வாசலுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டேன். “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லி உள்ளே போய், இலையில் நிறையச் சோறும் கறியும் கட்டிக்கொண்டுவந்து கொடுத்தேன். “சரி ஐயா” என்று வாங்கிக்கொண்டு போனார். கொஞ்சநேரம் கழித்து சன்னல் வழியாகப் பார்த்தேன். தாம் பெருக்கிப் பூட்டிய ஆலயத்தின் படியில் தனியாக உட்கார்ந்து அவர் அந்தப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் அவரைப் பட்டினியாக அனுப்பவில்லை. நிறையவே கொடுத்தேன். அதனாலேயே என் மனச்சாட்சி அநேக நாள்கள் உறங்கிக்கிடந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் உயிரோடு இல்லை. உணவு கொடுப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு என்பதை நான் அந்த நிலவறையில்தான், முன்பின் அறியாத இருவர் பலகையில் நகர்ந்து விட்ட அந்த ஒரு முழ இடத்தில் உட்கார்ந்துகொண்டு, விளங்கிக்கொண்டேன்.

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். தாவீது ராஜா யோனத்தானின் மகனாகிய மேவிபோசேத்தை லோதேபாரிலிருந்து அழைப்பித்தார். இரண்டு கால்களும் முடமானவன் அவன். அவனுடைய பாட்டனாகிய சவுலின் நிலங்களையெல்லாம் அவனுக்குத் திரும்பக் கொடுத்தார். அந்த நிலங்களைப் பயிரிட சீபாவையும் அவன் குமாரரையும் வேலைக்காரரையும் ஏற்படுத்தினார். அவனுடைய ஆகாரத்திற்கு அதுவே போதுமானது. ஆனாலும் தாவீது அதோடு நிறுத்தவில்லை. அவன் ராஜாவின் பந்தியில் உண்பான் என்பது அந்த ஒரே அதிகாரத்தில் நான்கு முறை வருகிறது. நிலம் அவன் பசியை ஆற்றும். பந்தியோ, நீ எங்களுடையவன் என்று அவனுக்குச் சொல்லும். மேசையின் கீழே முடமான கால்கள் மறைந்திருக்கும். மேசையின்மேல் அவனும் ராஜகுமாரரும் ஒன்றுபோலவே இருப்பார்கள்.

கோல்பேயும் அதைத்தான் செய்தார் என்று எண்ணுகிறேன். கொடுக்க அவரிடம் ரொட்டி இல்லை. இருந்தது ஓர் இடம் மட்டுமே, உயிரோடிருப்பவர்களின் வரிசையில் ஓர் இடம். அதை அவர் விட்டுக்கொடுத்தார். அவர் நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் நமக்காக நம்முடைய இடத்தில் நின்ற ஆண்டவரை அவர் அறிந்திருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்றிரவு நான் சூப்பை முழுவதும் குடித்து முடித்தேன். கீழே விழுந்த அந்த ரொட்டித் துண்டையும் எடுத்து உண்டேன். பெரியவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். படியேறி மேலே வந்தபோது, மரியாள் ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலித்தது. ஒவ்வொரு மணி நேரமும் அங்கே ஊதுவார்கள். அந்த இராகம் முடிவுவரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். குளிரில் நின்று அதைக் கேட்டேன்.

அடுத்த மாதம் நம்முடைய சபையின் அசனம் வருகிறது. சென்ற ஆண்டு, அதிகாலை முதல் அடுப்பில் வெந்த சகோதரர்களும் பாத்திரம் தேய்த்த சகோதரிகளும் கடைசியில் சமையற்கொட்டகையின் பின்னால் நின்றுகொண்டே உண்டதை நான் பார்த்தேன். இந்த ஆண்டு முதல் பந்தி அவர்களுக்கு. நானும் மூப்பர்களும் இலைபோட்டுப் பரிமாறுவோம். மூப்பர்களிடம் பேசிவிட்டேன், மனமுவந்து சம்மதித்தார்கள்.

உங்கள் வீடுகளிலும் இந்தக் கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு அதிகமாக வையுங்கள். யாரும் வராமல் போகலாம். ஆனால் வாசலில் யாராவது வந்து நிற்கும்போது, பொதி கட்ட இலையைத் தேடாமல், “உள்ளே வாருங்கள்” என்று சொல்ல நம் வாய் பழகியிருக்கட்டும்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, லோதேபாரிலிருந்த எங்களை அழைத்து உம்முடைய பந்தியில் இடம் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். உணவைக் கொடுத்துவிட்டு இடத்தை மறுத்த எங்கள் பாவத்தை மன்னியும். நகர்ந்து இடம்விடும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர்