இந்த வருஷம் எத்தனை?

புதிய பருவம் தொடங்குவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இந்த வருஷம் எத்தனை?" அணி எத்தனை ஆட்டங்களில் ஜெயிக்கும் என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்றக்கூடாது. யாருடைய எண் அதிகம் தப்பாகிறதோ அவர் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும். அப்பாவுக்குப் பேராக் காற்பந்து அணி. எனக்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி.

நெப்ராஸ்காவா, அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அமெரிக்காவின் நடுவில், சோள வயல்கள் நிறைந்த மாநிலம். மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். முதன்மைத் தொழில்முறை லீகில் ஆடும் காற்பந்து அணி அங்கே கிடையாது. மாநிலம் முழுவதும் சொந்தம் கொண்டாடுவது இந்தப் பல்கலைக்கழக அணியைத்தான். பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளம் உரிப்பவர்கள். லிங்கன் நகரின் மெமோரியல் அரங்கத்தில் 1962 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லும் கணக்கு. இது அமெரிக்கக் காற்பந்து. கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் காற்பந்து என்று பெயர் என்று அப்பா இன்றுவரை கேட்கிறார்.

ஊடகப் படிப்பின் முதல் பாதியைக் கோலாலம்பூரிலும் மறுபாதியை லிங்கனிலும் முடித்தேன். போன புதிதில் எனக்கு விதிமுறை ஒன்றும் புரியவில்லை. 2011 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் அணி 27-6 என முன்னிலையில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போகவில்லை. கடைசியில் நெப்ராஸ்கா 34-27 என ஜெயித்தது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்றோடு நான் மாட்டிக்கொண்டேன்.

அங்கே இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். பல வீடுகளில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வானொலி வருணனையைக் கேட்டுக்கொண்டேதான் ஆட்டம் பார்ப்பார்கள். ஊர் திரும்பிய பிறகும் எனக்கு அந்த வானொலிதான் துணை. லிங்கனில் சனிக்கிழமை காலை 11 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12. இருட்டில் காதுக்கருவியோடு படுத்தபடி கிரெக் ஷார்ப்பின் குரலைக் கேட்பேன். 2008 முதல் அந்த அணியின் குரல் அவர்தான். பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது, இன்னும் எத்தனை விநாடி என்பதைக் கேட்பவன் தேட வேண்டியதே இல்லை. என் தொழிலில் நான் பின்பற்ற நினைக்கும் பாடம் அது. 2025 பிப்ரவரியில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஆண்டுப் பருவத்தில் வேறு குரல் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு மனசு தயாராகவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். டாம் ஆஸ்போர்ன் பயிற்றுநராக இருந்த 25 ஆண்டுகளில் ஒரு பருவத்தில்கூட 9 வெற்றிக்குக் குறைந்ததில்லை. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகையர். நான் படித்த காலத்துப் பயிற்றுநர் போ பெலினியும் ஆண்டுதோறும் 9 ஆட்டங்களாவது ஜெயித்தார். அது போதாது என்று 2014இல் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு 9 வெற்றி கிடைத்தால் நாங்கள் தெருவில் ஆடுவோம். 2021இல் 9 ஆட்டங்களில் தோற்றோம். ஒன்றில்கூட வித்தியாசம் 9 புள்ளியைத் தாண்டவில்லை. அயோவாவிடம் 2023இலும் 2024இலும் அதே 13-10, இரண்டு முறையும் கடைசி விநாடி உதையில். இப்படித் தோற்க ஒரு தனித் திறமை வேண்டும்.

இருந்தும் 2025இல் நம்பிக்கை இருந்தது. காரணம், மூன்றாம் ஆண்டு. பயிற்றுநர் மேட் ரூல் முன்பு டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு 2 ஆட்டங்கள் ஜெயித்தார், அடுத்து 6, மூன்றாம் ஆண்டு 10. பெய்லரில் 1, 7, 11. எங்களிடம் வந்து 5, 7 முடித்திருந்தார். அடுத்த எண் என்ன?

அப்போது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய டிலன் ரயோலா அதற்கு முந்தைய வருஷம் புதுமுகம். 13 முறை கோல் எல்லைக்குள் எறிந்தார், 11 முறை எதிரணியின் கையில் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் அந்த 11 பாதியானால் போதும் என்றிருந்தது. ஒஹாயோ ஸ்டேட், ஓரிகன் இரண்டும் அந்த ஆண்டு அட்டவணையில் இல்லை. மிச்சிகனும் அயோவாவும் லிங்கனுக்கு வரவிருந்தன. பென் ஸ்டேட்டுக்கு மட்டும் நாங்கள் போக வேண்டியிருந்தது. அதை அப்போதே தோல்வியில் எழுதிவிட்டேன். தற்காப்புப் பயிற்றுநர் மாறியிருந்ததும் உறுத்தியது. 12 ஆட்டங்களில் என் எண் 8.

வழக்கம்போல் ஈப்போவுக்குப் போன் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. அந்த ஆண்டு அப்பாவிடம் கேட்க முடியாது. பணப் பிரச்சினையால் பேராக் அணி சூப்பர் லீகிலிருந்து விலகிவிட்டது. 13 அணிகளோடு லீக் தொடங்கிவிட்டது. 2002, 2003 என அடுத்தடுத்து லீக் வென்ற அணி. 2018இல் மலேசியக் கிண்ணம் வாங்கியபோது அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. 2021இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியபோதுகூட, "அடுத்த வருஷம் பாரு" என்றார்.

இந்த முறை அந்த வார்த்தை வரவில்லை.

"தோத்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லலாம்மா. ஆடவே இல்லைன்னா என்னத்தச் சொல்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் தோல்வியைத்தான் பெரிய துக்கம் என்று நினைத்திருந்தேன். 13-10 என்று புலம்பவும் ஓர் ஆட்டம் நடந்திருக்க வேண்டும். தப்பாகப் போகும் எண்ணைச் சொல்வதற்கும் ஒரு பருவம் வேண்டும். அது கிடைப்பதே பாக்கியம் என்று அப்பா சொல்லாமல் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே கேட்டார்.

"சரி, உன் சோளக்காட்டுக்காரங்களுக்கு எத்தனை?"

"எட்டுப்பா."

"போன வருஷமும் எட்டுன்னுதானே சொன்னே? எனக்கு ஏழு. முதல் ஆட்டம் எப்போ?"

சின்சினாட்டியுடன், கன்சஸ் சிட்டியில். நமக்கு வெள்ளிக்கிழமை காலை 9 மணி, தேசிய தினத்துக்கு இரண்டு நாள் முன்பு. எந்த முகவரியில் வானொலி கேட்கலாம் என்று தம்பியிடம் சொல்லி அப்பாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாயிற்று. விதிமுறைகளைத் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் நிலையத்தில், என் காலை நிகழ்ச்சியில் இருப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டுவரும் நேயர் ஒருவர் ஈப்போவில் இருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வேறு வானொலிக்குப் போனார். போகட்டும், பாட்டுக்கு நடுவே ஸ்கோரை எனக்கு அனுப்ப ஆள் வேண்டுமே.